கலி முற்றிவிட்டதா?
432 கோடிக்கு ஒரு கணக்கு

(தென்காசியில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் சாமியை வைய வரவில்லை. கணக்குப் போட வந்திருக்கிறோம். "சுயமரியாதைக்காரனுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் நினைக்கலாம். மற்ற எதிலும் இல்லாத சம்பந்தம் இதில்தான் உண்டு. ஏனென்றால், வேதத்தை இன்னார் படிக்கலாம், இன்னார் படிக்கக்கூடாது என்று விதி எழுதி வைத்தவர்கள்கூட, இரண்டும் இரண்டும் நான்கு என்பதை இன்ன சாதிக்கு மட்டுந்தான் என்று எழுதி வைக்க முடியவில்லை.

நீங்கள் ஆண்டுதோறும் குற்றாலத்தில் பார்க்கிறீர்கள். சாரல் பருவத்தில் வரும் ஆடி அமாவாசையன்று ஜனங்கள் திரள் திரளாக வந்து அருவியில் குளித்துவிட்டு, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கிறார்கள். அப்போது புரோகிதர் சங்கற்பம் என்று ஒன்று சொல்லுகிறார். அது வேறொன்றுமல்ல, ஒரு விலாசம். தபாலில் வீடு, தெரு, ஊர், ஜில்லா என்று எழுதுகிறோமல்லவா? அதுபோலக் காலத்துக்கு ஒரு விலாசம். பிரமனுடைய ஆயுளில் இரண்டாவது பாதி, சுவேதவராக கல்பம், ஏழாவது மனுவான வைவஸ்வதனுடைய காலம், அதில் 28-ஆவது சதுர்யுகம், அதிலே கலியுகம், அந்தக் கலியிலும் முதற்பாதம். இவ்வளவும் அதில் வருகிறது. தர்ப்பணம் கொடுக்கிறவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தட்சணையைக் கொடுத்துவிட்டு வருகிறார். அந்த விலாசத்தைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

பூச்சாண்டி எண்

புராணக்காரர் சொல்லுகிற கணக்கு இது. கிருதயுகம் 17,28,000 வருஷம். திரேதாயுகம் 12,96,000. துவாபரயுகம் 8,64,000. கலியுகம் 4,32,000. நான்கும் சேர்ந்தால் ஒரு சதுர்யுகம், 43,20,000 வருஷம். இப்படி ஆயிரம் சதுர்யுகம் சேர்ந்தால் பிரமனுக்கு ஒரு பகல். அதுவே ஒரு கல்பம். அதாவது 432,00,00,000. நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம்.

கேட்டவுடன் தலை சுற்றுகிறதல்லவா? சுற்ற வேண்டும் என்றுதான் சொல்லுகிறார்கள். "இவ்வளவு பெரிய எண்ணை மனிதன் கண்டுபிடித்திருக்க முடியுமா? ஞானதிருஷ்டி இல்லாமல் முடியுமா?" என்பது அவர்களுடைய வாதம். எண் பெரிதாக இருப்பதே சாட்சியாம். இது எப்படிப்பட்ட சாட்சி? ஒரு சிறு பையன் பலகையில் 4, 3, 2 என்று எழுதிப் பக்கத்தில் ஏழு சைபர் போட்டால் அதே எண் வந்துவிடும். அந்தப் பையனுக்கு ஞானதிருஷ்டி என்று யாராவது சொல்லுவார்களா?

இந்த எண்ணை விநாடிக்கு ஒன்றாக, சோறு தண்ணீர் தூக்கம் இல்லாமல் எண்ணிக்கொண்டே போனால் எத்தனை நாளாகும்? சரியாக 50,000 நாளாகும். ஏறக்குறைய 137 வருஷம். மிச்சமில்லாமல் ஐம்பதாயிரம் என்று வந்து நிற்கிறது பாருங்கள். "ஆகா, இதுவும் தெய்வச் செயல்!" என்று ஒருவர் கிளம்பக்கூடும். அவர் கிளம்புமுன்பே நாம் அந்த எண்ணைப் பிரித்துக் காட்டிவிடுகிறோம்.

எண்ணின் செங்கல்

இந்தத் தென்காசிக் கோயிலின் கோபுரம் நெடுங்காலம் இடிந்து கிடந்து, 1990-இல் மறுபடி எழுப்பப்பட்டதை உங்களில் பெரியவர்கள் பார்த்திருக்கிறீர்கள். அது எவ்வளவு உயரமானாலும் செங்கல்லும் கல்லும் சுண்ணாம்பும் சிமிட்டியும்தான், கட்டியவர் கொத்தனார்தான். எண்ணும் அப்படியே. எந்த முழு எண்ணையும் வகுத்துக்கொண்டே போனால், இனி வகுபடாத சிறு எண்களில் வந்து நிற்கும். அவற்றுக்குப் பகா எண் என்று பெயர். எந்த எண்ணை யார் பிரித்தாலும், எந்த வழியில் பிரித்தாலும், அதே பகா எண்கள் அதே எண்ணிக்கையில்தான் கிடைக்கும். இது கிரேக்கர் காலத்திலேயே வேர்விட்டு, ஜெர்மனியில் கௌஸ் என்பவர் 1801-இல் தெளிவாக நிரூபித்த விதி.

இப்போது 432 கோடியைப் பிரியுங்கள். இரண்டால் 11 தடவை வகுபடும். மூன்றால் 3 தடவை. ஐந்தால் 7 தடவை. அவ்வளவுதான், ஒன்று வந்து நின்றுவிடும். 7 கிடையாது, 11 கிடையாது, 13 கிடையாது. 2, 3, 5 என்ற மூன்றே செங்கல்லால் கட்டிய கோபுரம் அது. அதனால்தான் அதை மிச்சமில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் மொத்தம் 384 இருக்கின்றன. பாதி, முக்கால், மூன்றிலொன்று, ஐந்திலொன்று, பன்னிரண்டிலொன்று, முந்நூற்று அறுபதிலொன்று எதுவேண்டுமானாலும் முழுசாக எடுக்கலாம்.

இது எதைக் காட்டுகிறது? இயற்கையில் ஒன்றை அளந்து பார்த்தால் இப்படிச் சீவிச் சிங்காரித்த எண் வராது. பூமி சூரியனைச் சுற்ற 365 நாள், 6 மணி, 9 நிமிஷம், 10 விநாடி ஆகிறது. இயற்கை இப்படித்தான் பிசிறோடு இருக்கும். கணக்குப் பிள்ளை தன் வசதிக்காகச் செய்துகொண்ட எண்தான் மழமழவென்று இருக்கும். நம் நாட்டுக் கணக்கர் ஒன்றை 320 பங்காக்கி ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்தார்களே, அது ஏன் 320? கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாம் அதில் முழுசாக அடங்கும் என்பதற்காக. அந்த 320-ஐ யாராவது கும்பிட்டார்களா? அதே வசதியைத்தான் 432 கோடியிலும் பார்க்கிறோம். ஆனால் இதற்கு மட்டும் தட்சணை கேட்கிறார்கள்.

நாளைக்கு 86,400 விநாடி என்பதும் 24, 60, 60 என்று மனிதன் பிரித்துக்கொண்ட கணக்குத்தான். அதிலும் அதே 2, 3, 5 என்ற செங்கல்தான். ஆகவேதான் ஐம்பதாயிரம் மிச்சமில்லாமல் வந்தது. தெய்வம் எங்கே வந்தது?

இன்னும் கேளுங்கள். 4,32,000 என்பது 60-ஐ 60-ஆல் பெருக்கி, மறுபடி 60-ஆல் பெருக்கி, இரட்டித்தால் வருவது. அறுபது அறுபதாக எண்ணியவர்கள் பாபிலோன் நாட்டார். அந்த நாட்டுப் பூசாரியான பெரோசஸ் என்பவர், கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் எழுதியபோது, பிரளயத்துக்கு முன் பத்து அரசர்கள் மொத்தம் 4,32,000 வருஷம் ஆண்டார்கள் என்று எழுதினார். அதே எண்! யார் யாரிடம் கடன் வாங்கினார்கள் என்கிற வழக்கு நமக்கு இன்று வேண்டாம். நம்முடைய ரிஷிகளுக்கு மட்டும் தெய்வம் காதில் ஓதியது என்றால், பாபிலோன் பூசாரியின் காதில் யார் ஓதினார்கள் என்பதை மட்டும் கேட்டு வைப்போம்.

ஒன்பது என்னும் மயக்கு

இன்னொரு வேடிக்கை செய்வார்கள். "4, 3, 2-ஐக் கூட்டினால் ஒன்பது. 1, 7, 2, 8-ஐக் கூட்டினால் பதினெட்டு. அதையும் கூட்டினால் ஒன்பது. 1296-ம் ஒன்பது. 864-ம் ஒன்பது. பார்த்தாயா ஒன்பதின் மகிமையை!" என்பார்கள்.

தோழர்களே! உங்கள் சட்டைப் பையிலுள்ள பஸ் டிக்கட்டை எடுங்கள். அதிலுள்ள எண்ணின் இலக்கங்களை உங்கள் இஷ்டப்படி மாற்றி எழுதுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். மிச்சத்தின் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள். 5831 என்று வைத்துக்கொள்ளுங்கள், மாற்றினால் 1385, கழித்தால் 4446, கூட்டினால் 18, மறுபடி கூட்டினால் 9. டிக்கட் கொடுத்த கண்டக்டர் எந்தப் புராணத்தைப் படித்துவிட்டுக் கொடுத்தார்?

காரணம் எளிது. பத்தையும் நூறையும் ஆயிரத்தையும் ஒன்பதால் வகுத்தால் ஒன்று மிஞ்சும். ஆகவே ஒரு எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மிஞ்சுமோ, அதுவே அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்தாலும் மிஞ்சும். நாம் பத்துப் பத்தாக எண்ணுவது கையில் பத்து விரல் இருப்பதால். கைக்கு ஆறு விரலாக இருந்து பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணியிருந்தால், 432-ஐ 300 என்றுதான் எழுதியிருப்போம், கூட்டினால் மூன்று. ஒன்பதின் மகிமை பஞ்சாய்ப் பறந்துபோகும். மகிமை எண்ணில் இல்லை. நம் விரலில் இருக்கிறது.

ஏழு கொடுத்த சங்கடம்

இனித்தான் முக்கியமான விஷயம். ஒரு கல்பத்தில் 14 மனுக்கள் ஆளுகிறார்களாம். ஆயிரம் சதுர்யுகத்தை 14 பேருக்குச் சமமாகப் பங்கு போடுங்கள் பார்ப்போம். முடியாது! 14 என்பது இரண்டு ஏழு. ஆயிரத்துக்குள்ளே ஏழு இல்லை. ஆளுக்கு 71 கொடுத்தால் 994 போய், 6 மிஞ்சுகிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? மனுக்களுக்கு முன்னும் பின்னும் இடையிலுமாக 15 சந்திகள் என்று வைத்து, ஒவ்வொரு சந்திக்கும் 17,28,000 வருஷம் கொடுத்து, அந்த மிச்சத்தை அடைத்தார்கள். துணி போதாத தையற்காரன் ஒட்டுப் போடுவதுபோல ஒட்டுப் போட்டார்கள். முக்காலமும் உணர்ந்த கடவுளுக்கு ஆயிரம் பதினாலால் வகுபடாது என்பது முன்கூட்டித் தெரியாதா?

கி.பி. 499-இல், தமக்கு 23 வயதில் கணக்கெழுதிய ஆரியபட்டர் இந்த ஒட்டை ஒப்புக்கொள்ளவில்லை. மனுவுக்கு 72 சதுர்யுகம், ஆகவே பிரமனுடைய பகலுக்கு 1008 என்று வைத்துக்கொண்டார். 72-ஐப் பதினாலால் பெருக்கினால் 1008, மிச்சமே இல்லை. நான்கு யுகங்களையும் 4, 3, 2, 1 என்று ஏற்றத்தாழ்வாக வைக்காமல், ஆளுக்கு 10,80,000 என்று சமமாகவும் பிரித்தார். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் என்பவர், இது ஸ்மிருதிக்கு விரோதம் என்று ஆரியபட்டரைக் கண்டித்து எழுதினார். இதிலிருந்து என்ன ஏற்படுகிறது? ஆயிரமா, ஆயிரத்தெட்டா என்று மனிதர்கள் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள். கடவுள் சொன்ன எண்ணாயிருந்தால் சண்டை ஏன்?

நாம் ஆரியபட்டரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருக்குரிய பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் சொல்லுகிறோம். 43,20,000 வருஷத்தில் 157,79,17,500 நாள் என்றார் அவர். வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 365 நாளும், ஒரு நாளை 576 பங்காக்கினால் அதில் 149 பங்கும் வருகிறது. அதாவது 365 நாள், 6 மணி, 12 நிமிஷம், 30 விநாடி. இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் 3 நிமிஷம் 20 விநாடிதான். தூரதரிசனிக் கண்ணாடியில்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய காரியம்! பின்னத்தை எழுதாமல் முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளப் பெரிய எண் அவருக்கு ஒரு கருவியாக வேண்டியிருந்தது. தச்சன் முழக்கோல் வைத்துக்கொண்டதுபோல அவர் யுகத்தை வைத்துக்கொண்டார். அந்த முழக்கோலைப் பிடுங்கிப் பட்டுத்துணி சுற்றிப் பூசை போட்டவர்கள்தான் புரோகிதர்கள். உழைத்து அளந்த மனிதனுடைய பெயர் ஜனங்களுக்குத் தெரியாது. பிரமனுடைய பெயர் தெரியும்.

"விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்"

இக்காலத்தில் ஒரு புதுப் புரட்டு கிளம்பியிருக்கிறது. "பூமியின் வயது 454 கோடி வருஷம் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்லுகிறது. நம் முன்னோர் அன்றே 432 கோடி என்று சொல்லிவிட்டார்கள்" என்கிறார்கள். படித்தவர்களே கையடக்கப் போனில் இதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுகிறார்கள்.

அவர்களுடைய சங்கற்பத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். 432 கோடி என்பது பூமியின் வயதல்ல. பிரமனுடைய ஒரு பகலின் முழு நீளம். அந்தப் பகலில் இதுவரை போனது எவ்வளவு? ஆறு மனு முடிந்தது. ஏழாவது மனுவில் 27 சதுர்யுகம் முடிந்தது. 28-இல் மூன்று யுகம் முடிந்து கலி நடக்கிறது. ஏழு சந்திகளையும் சேர்த்துக் கலி பிறக்கும் வரை கூட்டினால் 197,29,44,000 வருஷம் வருகிறது. ஆக, அவர்கள் கணக்குப்படியே கல்பம் பிறந்து 197 கோடிதான் ஆகிறது. 454-இல் பாதிகூட இல்லை. இரண்டு எண் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் காட்டி ஏமாற்றுவது, கடையில் தராசுத் தட்டைக் கைவிரலால் அழுத்துவது போன்றதுதான்.

விஞ்ஞானி எப்படிச் சொன்னான் என்று பாருங்கள். அமெரிக்காவில் பாட்டர்சன் என்பவர் வானத்திலிருந்து விழுந்த கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, 1956-இல் பூமிக்கு 455 கோடி வருஷம் என்றார். சொல்லும்போதே, 7 கோடி கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். இதுதான் யோக்கியதை. எந்தப் புராணத்திலாவது "கூடவோ குறையவோ" என்ற வார்த்தை உண்டா? குற்றாலத்துக்கு மேற்கே அச்சன்கோவில் பக்கத்துப் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி வருஷத்துக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை என்று அவற்றின் தாதுக்களை அளந்து கண்டிருக்கிறார்கள். பாறையைக் கேட்டால் பாறை சொல்லுகிறது. தட்சணை கேட்பதில்லை.

கலி முற்றிவிட்டதாம்!

இதெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இந்த எண் நம் கழுத்தில் கட்டிய கல்லாக இருக்கிறது.

தாழ்த்தப்பட்டவன் செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தால், "கலி முற்றிவிட்டது." பெண் படித்தால் கலி. விதவை மறுமணம் செய்துகொண்டால் கலி. கூலியாள் கூலி கேட்டால் கலி. இதே நெல்லைச் சீமையில், சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதிபார்த்துத் தனிப்பந்தி போட்டதை 1924, 25-இல் தட்டிக் கேட்டபோதும், கேட்டதுதான் குற்றமாயிற்று. பந்தியைப் பிரித்தது குற்றமாகவில்லை.

கணக்குப் போடுவோம். கலி 4,32,000 வருஷம். இதுவரை போனது 5,120-க்குச் சற்று மேல். நூறு வருஷம் வாழ்கிறவனுக்கு ஒப்பிட்டால், கலிக்கு இப்போது வயது ஒன்றும் இரண்டு மாதமும். இன்னும் சரியாக நடக்கவே வராத பிள்ளை! புரோகிதரே அருவிக்கரையில் "கலியின் முதற்பாதம்" என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு, திண்ணையில் வந்து உட்கார்ந்து "கலி முற்றிவிட்டது" என்கிறார். இரண்டில் எது பொய்?

யுகத்துக்கு யுகம் தர்மம் ஒரு கால் ஒரு காலாகக் குறையும், மனிதன் ஆயுளும் 400, 300, 200, 100 என்று குறையும் என்கிறது மனுஸ்மிருதி. நடந்தது என்ன? 1947-ஐ ஒட்டி இந்நாட்டில் சராசரி ஆயுள் 32 வருஷம். இன்று 70 வருஷத்தை ஒட்டி நிற்கிறது. மாரியம்மன் கோபமென்று சொன்ன பெரியம்மை 1980-இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கலி கீழே இழுக்கிறது என்கிறார்கள். மனிதன் மேலே ஏறுகிறான்.

அவர்கள் கணக்குப்படி நல்ல காலம் வர இன்னும் 4,26,000 வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதுவரை அடிமை அடிமையாகவே இருக்கட்டும் என்பதுதான் அந்த எண்ணின் உட்பொருள். நாம் காத்திருக்கவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு மாநாட்டில் பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். 1989-இல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2005-இல் இந்தியா முழுவதற்கும் சட்டமாயிற்று. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-இல் சட்டமாயிற்று. அறுபது வருஷமும் நாற்பது வருஷமும்தான் ஆயிற்று, யுகம் ஆகவில்லை.

எண்ணுக்குச் சாதி இல்லை

கடைசியாக ஒன்று. கிருதயுகத்துக்குச் சொல்லுகிற 1728 என்பது பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி, மறுபடி பன்னிரண்டால் பெருக்கினால் வருவது. அதோடு ஒன்று கூட்டினால் 1729. இது ஈரோட்டில் 1887-இல் பிறந்த இராமானுஜத்தின் பெயரோடு சேர்ந்த எண். 12-இன் கனமும் 1-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. 10-இன் கனமும் 9-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. இப்படி இரண்டு வழியில் வருகிற எண்களில் இதுவே சிறியது. இராமானுஜம் கடவுள் பக்தர். நாமகிரித் தாயார் அருள் என்று சொன்னவர். ஆனால் ஹார்டி என்ற ஆங்கிலேயர் கடவுளை நம்பாதவர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்களே, எப்படி முடிந்தது? தாயாரை ஒப்புக்கொண்டால்தான் கூட்டல் சரியாக வரும் என்று இல்லாததால் முடிந்தது. இந்த 1729-ஐ 1657-லேயே பிரெஞ்சுக்காரர் ஃபிரெனிக்கிள் என்பவரும் கண்டிருந்தார். அவருக்கு நாமக்கல் எங்கேயிருக்கிறதென்றே தெரியாது.

ஆகவே தோழர்களே! எவ்வளவு பெரிய எண்ணைச் சொல்லி யார் பயமுறுத்தினாலும் பயப்படாதீர்கள். பிரித்துப் பாருங்கள். உங்கள் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தர்ப்பணத்துக்குக் கொடுக்கிற காசில் ஒரு பலகையும் கணக்குப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். குற்றாலத்து அருவியில் தாராளமாகக் குளியுங்கள். உடம்புக்கு நல்லது, மனத்துக்குக் குளிர்ச்சி. பாவம் போவதற்காகக் குளிக்க வேண்டாம்.

நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் 432 கோடியை இரண்டாலும் மூன்றாலும் ஐந்தாலும் நீங்களே வகுத்துப் பாருங்கள். நாம் சொன்னது தப்பாயிருந்தால் தள்ளிவிடுங்கள். சரியாயிருந்தால், அடுத்த ஆடி அமாவாசைக்குள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போட்டுக் காட்டுங்கள்.